சேமிக்கத் தெரியாதவர்களா இவர்கள்?

அம்பத்தூர் பக்கம் எந்த மண்டபத்தில் முதலீட்டு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தாலும் மேடையில் ஒரே பேச்சுதான்: சம்பாதிக்கிற காலத்தில் திட்டமிடாதவன் வயதான பிறகு யாரையும் குறை சொல்லக் கூடாது. பல வருடமாக இதைக் கேட்டு எனக்கு எரிச்சல் மண்டிக் கிடக்கிறது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது?

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டால், 12 சதவீத வளர்ச்சியில் 30 வருடத்தில் 1.76 கோடி என்று திரையில் காட்டுகிறார்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்தப் பணத்துக்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 31 லட்சம்தான். இதைத் திரையில் காட்ட மாட்டார்கள். தவிர, 30 வருடம் விடாமல் கட்ட வேண்டுமானால் 30 வருடம் விடாமல் சம்பளம் வர வேண்டும். அம்பத்தூரில் மூடப்பட்ட டன்லப் டயர் ஆலையின் தொழிலாளர்களிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கட்டும்.

டீச் செலவைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைக்குப் பதில் எழுதுவது வீண்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏன் எடுக்கிறார்கள்? கான்ட்ராக்டர் மாறுகிறார், வேலை நிற்கிறது. அடுத்த கம்பெனி கூப்பிடும்வரை வாடகை நிற்காது. ஜூன் மாதமானால் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கும். இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் பி.எஃப். கணக்கை க்ளோஸ் பண்ணலாம் என்று விதி இருந்தது, பண்ணினார்கள். கூடவே 10சி படிவத்தையும் கொடுத்து, பென்ஷன் பணத்தையும் வாங்கிவிட்டார்கள். அதோடு அதுவரை பார்த்த சர்வீஸ் அழிந்துவிட்டது. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்தால் பழைய சர்வீஸ் அடுத்த வேலையோடு சேரும். இதைத் தொழிலாளியிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய கான்ட்ராக்டரை மேடையில் யாரும் கண்டிப்பதில்லை.

சரி, எதையும் எடுக்காமல் கட்டுப்பாடாக இருந்தவருக்கு என்ன கிடைக்கிறது? 1995-இல் வந்த பென்ஷன் திட்டத்தில் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்கிறார்கள். கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயானது; பத்து வருடம் தாண்டியும் அங்கேயே நின்றது. அந்த வரம்பில் 15 வருடம் உழைத்தவருக்கு மாதம் 3,214 ரூபாய். அகவிலைப்படி கிடையாது, வாங்கத் தொடங்கிய தொகைதான் சாகும்வரை. குறைந்தபட்ச பென்ஷன் என்று அதே 2014-இல் வைத்தது 1,000 ரூபாய்.

ஆவடி டாங்க் தொழிற்சாலையில் 2004-க்கு முன் சேர்ந்து ஓய்வு பெற்றவர்களைப் பாருங்கள். அவர்கள் எஸ்.ஐ.பி. போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மத்திய அரசு ஓய்வூதியத்தில் 2016 முதல் குறைந்தபட்சமே 9,000 ரூபாய். அதன்மேல் அகவிலை நிவாரணம் வருடத்துக்கு இரண்டு முறை திருத்தப்படுகிறது. அவர்கள் மரியாதையாக வாழ்கிறார்கள், வாழ வேண்டியவர்கள்தான். அவர்களுடைய முதுமையைத் திட்டமிட்டது அரசாங்கம். அவர்கள் போன அதே டிரெயினில் வந்து, பட்டரவாக்கத்தில் இறங்கி லேத் ஓட்டியவரின் முதுமைக்கு மட்டும் அவரே பொறுப்பு என்றால், அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

பி.எஃப். பென்ஷன்தாரர்கள் குறைந்தபட்சம் 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்டு வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். நான் கேட்ட எந்த மேடையிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.