நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது ஸ்ரீசிட்டி. 2022இல் மாவட்டம் பிரியும்வரை சித்தூரோடு இருந்த பகுதி. ஜப்பானின் இசுசூ நிறுவனம் 2016இல் இங்கே ஆலை திறந்தது. நாலு சக்கரங்களும் இழுக்கும் 'ஃபோர் வீல் டிரைவ்' வசதியோடு வி-கிராஸ் பிக்கப் இந்த ஆலையிலிருந்துதான் வந்தது. ஆனால் ஜூன், ஜூலையில் சித்தூர் மாங்கூழ் ஆலைகளுக்கு வெளியே தோத்தாபுரி மாங்காயோடு காத்து நிற்பவை டிராக்டர்களும் சாதாரண பிக்கப்புகளும்தான்.

காரணம் எளிது. தோப்பிலிருந்து ஆலைக்குப் போகும் வழியில் பெரும்பகுதி தார்ச்சாலை. அங்கே இரண்டு சக்கர இழுவை போதும். சிக்கல் கடைசி ஒரு மைலில்: மழையில் வழுக்கும் செம்மண் வரப்பு, சுவர்ணமுகி போன்ற ஆறுகளின் மணல், தோப்பு மேட்டின் ஏற்றம். வருடத்தில் நாலைந்து நாள்தான் வண்டி சிக்கும் என்றால் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கூப்பிடுவது மலிவு. தினமும் பால் கேனோடு அந்த வழியில் போகிறவருக்கு நாலு சக்கர இழுவை தேவை.

வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பதிவு. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில் வாடகைச் சரக்கு ஏற்ற முடியாது. அடுத்தது பழக்கம். இத்தகைய பிக்கப்புகளில் நாலு சக்கர இழுவையை சேற்றிலும் மணலிலும் மட்டுமே போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டால் திருப்பங்களில் முன்பின் சக்கரங்கள் ஓடும் தூரம் வேறுபட்டு, பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

பிறகு சாமான்கள். நல்ல மண்சாலை டயர், முழு அளவு ஸ்டெப்னி, இழுவைக் கொக்கி, கயிறு, மண்வெட்டி, காற்றடிக்கும் பம்ப். மணலில் டயர் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். முன்னால் இரும்புக் கம்பி வேண்டாம்: 2017இல் மத்திய அரசே அதைத் தடுத்தது. மோதலின் அதிர்ச்சியை அது நேராகச் சட்டத்துக்குக் கடத்துகிறது.

பலர் செய்வது வேறு. பின்பட்டைகளில் கூடுதலாக ஒன்றைச் சேர்த்து, கூடுதல் டன் ஏற்றுகிறார்கள். பட்டை தாங்கும், பிரேக் தாங்காது. பலமனேரிலிருந்து சித்தூருக்கு இறங்கும் மொகிலி மலைப்பாதையில் அந்த வித்தியாசம் தெரியும். சுமையின் மேல் மாங்காய் பறிக்கும் கூலியாட்களும் உட்கார்ந்திருந்தால்? நாலு சக்கர இழுவை வண்டியைச் சேற்றிலிருந்து கிளப்பும், இறக்கத்தில் நிறுத்தாது.

ஐந்து பேர் உள்ளே உட்கார, பின்னால் சரக்கு ஏற்ற, இரட்டைக் கேபின் வண்டிகள் இருக்கின்றன. மகிந்திரா போலேரோ கேம்பர் அப்படிப்பட்டது. சரக்கு இடம் குறையும், விலை கூடும். ஆள் கூட்டிப்போகும் தோப்புக்காரர் நாலாவது சக்கரத்துக்கு முன்னால் அந்த இருக்கைகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.