பல்லைப் பிடித்துப் பார்த்தவள்

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் பல்லைப் பார்ப்பதையே படிப்பாக எடுத்துக்கொண்டு விட்டாள். அதனால் எழுந்த அமர்க்களத்தைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு திண்டுக்கல் மலைக்கோட்டைக்குச் சமீபம். எதிர்வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவர். அவருடைய மூத்த பெண் ப்ளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் எடுத்துத் தேறினாள். டாக்டர் படிப்புக்கு மார்க் எட்டவில்லை. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "டெண்டல் ஹைஜீனிஸ்ட் படிக்கப் போறேன் அத்தை, ரெண்டு வருஷம்தான்" என்றாள்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பத்தா நிமிர்ந்தாள்.

"என்னடி அது?"

"பல்லைச் சுத்தம் பண்ணுற படிப்பு அப்பத்தா."

"அடி ஆத்தி! ஊரான் வாயிலே கையை விடுறதுக்கு ஒரு காலேஜா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்?"

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் விஷயத்தை விசாரித்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்ததே பெண்கள்தான். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்று ஒரு பல் டாக்டர் இருந்தார். பல் சொத்தையான பிறகு பிடுங்குவதைவிட, சொத்தையாகாமல் காப்பது மேல் என்பது அவர் கட்சி. 1906-ல் தம்மிடம் உதவிக்கு இருந்த உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்குப் பல்லைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913-ல் பள்ளிக்கூடமே ஆரம்பித்துவிட்டார். மறு வருஷம் தேறி வந்த 27 பெண்களில் பலர் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளின் பல்லைச் சுத்தம் செய்தார்கள். பல் துலக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் 1948-ம் வருஷத்துப் பல் வைத்தியர் சட்டத்திலேயே இவர்களுக்குத் தனி இடம் கொடுத்திருந்தார்கள். பல்லின் காரையைச் சுரண்டி, சுத்தம் செய்து, மெருகேற்றி, வாய்ச் சுகாதாரத்தைப் போதிப்பது இவர்கள் வேலை. பல்லைப் பிடுங்குவதும் ஓட்டையை அடைப்பதும் டாக்டர் வேலை.

"நம்ம கை அரம் பிடிச்ச கை. போய்ப் படிச்சுட்டு வரட்டும்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சென்னைக்கு ரெயில் ஏறினாள் பெண்.

முதல் லீவில் வந்தபோது ஒரு பாடு கதை சொன்னாள். எடுத்த எடுப்பில் மனிதர் வாயைத் தொட விடமாட்டார்களாம். பொம்மைத் தலை ஒன்றில் செயற்கைப் பல் பொருத்தி, அதில்தான் பழக்கமாம். கருவியைப் பேனா பிடிப்பது போல் பிடிக்க வேண்டும். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாத கை வழுக்கினால் ஈறு கிழிந்துவிடும். ஈறுக்கு அடியில் இருக்கும் காரை கண்ணுக்குத் தெரியாது. கருவியின் நுனி சொரசொரவென்று தட்டுவதை விரல்தான் உணர வேண்டும்.

"பூட்டுக்குள்ளே லீவர் எங்கே தட்டுதுன்னு நான் கண்ணாலேயா பார்க்கிறேன்?" என்று அப்பா பெருமையாகச் சிரித்தார்.

நம்மில் பலருக்கு இருக்கிற சந்தேகத்தை நானும் கேட்டேன். "ஏம்மா, பல்லைச் சுத்தம் பண்ணினா பல் ஆடிப் போகும்கிறாங்களே?"

"இல்லை அத்தை. பல்லிலே ஒட்டுற அழுக்கை அன்னன்னிக்குத் துலக்கி எடுக்காட்டா, எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையா இறுகிடும். அது ஈறைக் கீழே தள்ளி, எலும்பையும் கரைக்கும். பல் ஆடுறது அதனாலேதான். காரையை எடுத்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரியுது. பழியைச் சுத்தம் பண்ணினவங்க தலையிலே போட்டுடறாங்க!"

அந்த லீவிலேயே நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் வந்திருந்தான். பல்லெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "சோம்பேறி, பல்லே துலக்க மாட்டான்" என்று தாயார் ஓயாமல் திட்டுவாளாம். அவன் செங்கல் பொடியை வைத்துத் தேய்த்து ஈறெல்லாம் ரணம்.

பெண் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "சித்தி, இது அழுக்கு மாதிரி தெரியலை. தண்ணியாலே வந்த கறையா இருக்கும். டாக்டர்கிட்டே காட்டுங்க" என்றாள். டாக்டரும் அதையே உறுதி செய்தார். எங்கள் ஜில்லாவில் நிலக்கோட்டை மாதிரிச் சில வட்டாரங்களில் கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் ஃப்ளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைக்குக் கறை பல்லோடு சேர்ந்தே முளைக்கிறது. சுரண்டினால் போகாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது. கைக்குழந்தைக்காவது வேறு தண்ணீர் கொடுக்க வேண்டும். செய்யாத குற்றத்துக்கு எத்தனை வருஷம் வசவு வாங்கியிருக்கிறான் பாருங்கள்!

இரண்டாம் வருஷத்து லீவில்தான் அப்பத்தாவின் முறை வந்தது. "எங்கே, என் வாயைப் பாரு" என்று கேலியாகத்தான் திறந்தாள். பெண்ணின் முகம் மாறிவிட்டது. புகையிலையை அடக்கும் கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளையாக ஒரு படலம்.

என்ன வியாதி என்று அவள் சொல்லவில்லை. சொல்வது தன் வேலையல்ல என்றும் அவளுக்குக் கற்பித்திருந்தார்கள். ஆனால் மறுநாள் காலையில் அப்பத்தாவை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டாள். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புற்றுநோய் இல்லை, ஆனால் புகையிலையையும் பாக்கையும் விடாவிட்டால் அதில் கொண்டுபோய் விடக்கூடும் என்றார் டாக்டர். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புப் படலமோ இருந்தால் வலி இல்லையென்று சும்மா இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே.

பெண்ணை இந்தப் படிப்புக்கு அனுப்ப நினைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, முடித்தபின் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று கேட்ட பிறகே பணத்தைக் கட்டுங்கள். பல கிளினிக்குகளில் டாக்டரே சுத்தம் செய்துவிடுகிறார். ஆகையால் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம்; தேடித்தான் போக வேண்டும். எங்கள் பெண்ணும் நாலு இடம் ஏறி இறங்கித்தான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அமர்ந்தாள்.

சென்ற மாதம் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தகப்பனார். அப்பத்தா முந்திக்கொண்டாள். "அது இருக்கட்டும். நீங்க புகையிலை போடுறவரா? கொஞ்சம் வாயைத் திறங்க, பேத்தி பார்க்கட்டும்!"

அவளுடைய பித்தளை வெற்றிலைப் பெட்டியை நேற்று எட்டிப் பார்த்தேன். சில்லறைக் காசுகளோடு ஒரு பல் துலக்கும் பிரஷ் இருந்தது.