முன்பணமாகக் கொடுங்கள்

2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களும் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலான தன்னார்வலர்களும் சேர்ந்து தொடங்கிய கலைவிழாவை நினைத்தால் இன்றும் மனம் பூரிக்கிறது. கர்நாடக இசையைக் குப்பத்து மேடைக்கே கொண்டுவந்த விழா அது. இதுபோல ஊர்கூடி எடுக்கும் விழாக்களுக்கு அரசு நல்கை தரவேண்டும், அதுவும் முன்கூட்டியே. மைக்செட்காரரும் பந்தல்காரரும் அட்வான்ஸ் வாங்காமல் வண்டியேற்ற மாட்டார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் கடனுக்குக் கிடைக்காது. விடிய விடிய ஆடிய கூத்துக் கலைஞரின் கையில், முதல் பஸ் ஏறுமுன் சம்பளம் இருக்கவேண்டும். ‘செலவழித்துவிட்டு ரசீதோடு வாருங்கள்’ என்றால் தன்னார்வலர் ஒருவரின் வீட்டு நகைதான் அடகுக்குப் போகும். தொகை சிறிதானாலும் பரவாயில்லை. விண்ணப்பம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பாதிப் பணமாவது ஒரு மாதம் முன்பே வந்து சேரட்டும்.