பெயருக்கேற்ற நிறம்

பயணப் புகைப்படங்களில் நிறத்தை எவ்வளவு கூட்டலாம் என்ற விவாதம் எழும்போதெல்லாம் இரு தரப்பினர் உடனே அணிவகுத்துவிடுகின்றனர். கேமரா தந்ததைத் தொடவே கூடாது என்பர் ஒரு சாரார். படம் என்னுடையது, நிறம் என் விருப்பம் என்பர் மறுசாரார். இருவருமே கேள்வியைத் தவறான இடத்தில் வைக்கின்றனர் என்பது என் கருத்து.

தொடப்படாத படம் என ஒன்று இல்லை. பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே பதிவுசெய்கிறது. எஞ்சிய இரண்டையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்புவது மென்பொருள். வெள்ளை எது என்பதையும் அதுவே ஊகிக்கிறது. ஃபிலிம் காலமும் தூயதன்று. 1990இல் வெளிவந்த ஃபியூஜியின் வெல்வியா சுருளை இயற்கைக்காட்சி எடுப்போர் தேடி வாங்கியதற்குக் காரணம், அது பச்சையைக் கண்டதைவிடச் செறிவாகக் காட்டியதே. நம் நினைவிலும் நிறங்கள் உள்ளதைவிட அடர்த்தியாகவே தங்குகின்றன. எனவே வீடு திரும்பியபின் வானத்தைச் சற்று நீலமாக்குபவர் பொய் சொல்கிறார் என நான் கருதவில்லை; தாம் நினைவில் கொண்டுவந்ததைத் தேடுகிறார், அவ்வளவே.

அப்படியெனில் எல்லை எங்கே? பள்ளியில் நாம் படித்த உயர்வு நவிற்சி அணி இதற்கு உதவும். கோபுரம் வானைத் தொடுகிறது என்று ஒருவர் சொன்னால் எவரும் உயரத்தை அளக்கக் கிளம்புவதில்லை. அது மிகை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அந்த இருதரப்பு அறிவினால்தான் அது அணி. அறிவு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதற்கு வேறு பெயர். சுவரில் மாட்டிய தலைப்பற்ற படம் வேறு வகை. படத்தின்கீழ் ஊர்ப்பெயரை இட்டவுடன் அது ஒரு கூற்றாகிவிடுகிறது: இந்த ஊர் இப்படி இருக்கிறது. அவ்வூரைக் காணாத வாசகருக்கு மிகையை மிகையென்று அறியும் வழியே இல்லை. செறிவை எத்தனை விழுக்காடு கூட்டினோம் என்பதைவிட, அந்தக் கூற்றில் எதை மாற்றினோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் நாட்டில் இம்மாற்றத்தைப் பெரும்பாலும் வழிநடத்துவது கண் அன்று, சொல். ஜெய்ப்பூரைக் குலாபி நகரம் என்கிறோம். குலாப் என்றால் ரோஜா. 1876இல் வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக இரண்டாம் ராம்சிங் மன்னர் நகருக்குப் பூசச்செய்தது என்று சொல்லப்படும் அவ்வண்ணம், இன்றைய பழைய நகரின் கடைத்தெருக்களில் காவிக்கல்லுக்கே நெருக்கமானது. வெயிலில் செங்கல், மாலையில் மங்கிய செம்மண். படங்களிலோ அது பஞ்சுமிட்டாய். பெயரில் ரோஜா இருப்பதால் ஸ்லைடர் ரோஜாவை நோக்கி நகர்கிறது. (விருந்தினருக்காக ஊரையே வண்ணம் மாற்றிய மன்னரோடு ஒப்பிட்டால் நம் மென்பொருள்கள் சிறுபிள்ளைகள்.) இதனால் பெரிய கேடில்லை, வந்து பார்ப்பவர் சற்று ஏமாறுவார்.

ஜோத்பூரில் சிக்கல் ஆழமாகிறது. மெஹ்ரான்கட் கோட்டைமேல் நின்று பார்த்தால் பிரம்மபுரிப் பக்கம் நீல வீடுகள் தெரியும். அவற்றிடையே வெளிறிய மஞ்சளும் சிமெண்ட் சாம்பலும் நிறையத் தெரியும். சுண்ணாம்பில் நீலத்தைக் கலந்து பூசும் பழைய முறை, சிமெண்ட் பூச்சு பரவப் பரவக் குறைந்துவருகிறது. இந்நிலையில் ஒரே பிரீசெட்டில் ஊர் முழுவதையும் நீலமாக்கும் படம், ஒரு கைத்தொழில் பின்வாங்குவதைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. எந்தச் சுவர்கள் நீலத்தை இழந்தன என்று பிற்காலத்தில் ஒருவர் தேடினால், இந்த ஆயிரக்கணக்கான படங்கள் அவருக்குப் பயன்படா.

என்னை மிகவும் உறுத்துவது தாஜ்மகால். மக்ரானா சலவைக்கல் விடியலில் இளஞ்சிவப்பாகவும் நண்பகலில் வெண்மையாகவும் தோன்றும். அந்த மாற்றம் ஒளியினுடையது. கல்லின்மீது படிந்த மஞ்சள் வேறு. காற்றிலுள்ள புகைக்கரியும் தூசும் கல்லில் படிந்து நிறத்தைக் கெடுக்கின்றன. தொல்லியல் துறை முல்தானி மண்ணைப் பூசி அவ்வப்போது அதை உறிஞ்சி எடுக்கிறது. தாஜைச் சுற்றியுள்ள 10,400 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் நிலக்கரி எரித்த 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது இதனால்தான். யமுனையிலிருந்து பெருகிவந்த பூச்சிகளின் எச்சம் சுவரில் பச்சைத் திட்டுகளையும் உண்டாக்கியது. 2018இல் அதே நீதிமன்றம், மஞ்சளாக இருந்தது இப்போது பழுப்பும் பச்சையுமாகிறதே என்று கேட்டது. வழக்கின் மையப் பொருளே நிறம்.

இப்போது நவம்பரில் எடுத்த ஒரு தாஜ் படத்தை லைட்ரூமில் திறப்பவரை எண்ணிப் பாருங்கள். டீஹேஸ் ஸ்லைடரை வலப்புறம் இழுத்ததும் புகைமூட்டம் விலகுகிறது. வண்ண வெப்பத்தைக் குறைத்ததும் மஞ்சள் மறைகிறது. ஐந்து நொடி வேலை. மிகச் சிறிய திருத்தம், செறிவைக் கூட்டவேயில்லை, பார்ப்பவர் இயல்பான படம் என்றே பாராட்டுவர். நீதிமன்றம் இருபதாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்த கேள்விக்கு இப்படம் தவறான விடையளிக்கிறது. பஞ்சுமிட்டாய் ஜெய்ப்பூரை எல்லோரும் கேலி செய்கிறோம். இந்தப் படத்தை எவரும் கேட்பதில்லை. அளவை மட்டும் பார்த்தால் நேரும் பிழை இது.

கைபேசிகள் இவற்றைக் கேளாமலேயே செய்கின்றனவே என்று நண்பர்கள் கூறுவர். உண்மைதான். அதனால்தான் கைபேசிப் படத்தையும் நான் சான்றாக எளிதில் ஏற்பதில்லை. ஆனால் ஸ்லைடரை இழுப்பவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு: தலைப்பில் மாதத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு, மூட்டத்தை நீக்கியுள்ளேன் என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரியால் மிகை அணியாகிவிடும். நிழலைத் தூக்குவது, வானின் வெளிறலைச் சரிசெய்வது, சாய்ந்த கோட்டை நேராக்குவது போன்றவற்றுக்கு இவ்வறிவிப்பு தேவை என நான் நினைக்கவில்லை. காசிப் படித்துறைகளை ஆரஞ்சும் டீலுமாக மாற்றும் வழக்கத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அங்கே கல்லைவிட மனிதர்களின் தோல்நிறமே முதலில் பலியாகிறது.

ஜோத்பூரிலோ ஆக்ராவிலோ நெடுநாள் வாழ்ந்தவர்கள் இப்பதிவைக் காண நேர்ந்தால், பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த திருத்தாத படங்கள் இருப்பின் கருத்துப் பகுதியில் இடுங்கள். எடுத்த மாதத்தையும் குறிப்பிட்டால் நன்று.