வலியைச் சொல்லும் வினை

‘ஆங்கில நூலொன்றின் துணையால் இஸ்பானிய மொழி கற்று வருகிறேன். வினைச்சொல் அட்டவணையைக் கண்டாலே மனம் சோர்கிறது. நோயாளியின் முன் நா எழாமற் போய்விடுமோ என அஞ்சுகிறேன்’ என்று, பெரு நாட்டு மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணியேற்கவிருக்கும் வாசகி ஒருவர் எழுதியுள்ளார். சகோதரியின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அதற்குப் பாதிக் காரணம் இஸ்பானியமன்று, இடையில் நிற்கும் ஆங்கிலமே என்பது என் எண்ணம்.

‘பேசுகிறேன்’ என்ற அளவிலேயே பேசுபவர் யாரென நமக்கு விளங்கிவிடுகிறது. ‘நான்’ எனத் தனியே கூற வேண்டுவதில்லை. இஸ்பானியத்திலும் அவ்வாறே. ‘ஆப்லார்’ என்றால் பேசுதல். ஆப்லோ, பேசுகிறேன்; ஆப்லாஸ், பேசுகிறாய்; ஆப்லா, பேசுகிறார்; ஆப்லாமோஸ், பேசுகிறோம்; ஆப்லான், பேசுகிறார்கள். பழகியவர் பலரை ஒருங்கே விளிப்பதற்கு ஸ்பெயினில் ‘ஆப்லாயிஸ்’ என்றொரு வடிவமும் உண்டு. பெருவில் அது பேச்சு வழக்கில் இல்லை, இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒருவரை மரியாதையுடன் விளிக்கும் ‘உஸ்தேத்’ என்னும் சொல்லோ படர்க்கை வினையையே ஏற்கும். ஆதலால் முதிய நோயாளியிடம் ‘ஆப்லாஸ்’ என்னாது ‘ஆப்லா’ என்பதே முறை.

நோயுற்றோர் முதலிற் கூறுவது வலியைத்தானே! ‘மே துவேலே லா கபேசா’ என்பர். ‘மே’ எனக்கு, ‘துவேலே’ வலிக்கிறது, ‘லா கபேசா’ தலை. எனக்குத் தலை வலிக்கிறது! நான்காம் வேற்றுமை அப்படியே நிற்கிறது. கண்கள் இரண்டும் வலித்தால் வினையும் பன்மையாகி ‘துவேலென்’ என வரும். நாம் ‘வலிக்கின்றன’ என்பது போல. ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இவ்வமைப்பை நம் வீட்டுக் குழந்தையும் அறியும்.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. ‘இரு’ என்பதற்கு அங்கே ‘செர்’, ‘எஸ்தார்’ என இரு வினைகள். நிலையானதற்குச் ‘செர்’, நிலையற்றதற்கு ‘எஸ்தார்’ எனச் சில நூல்கள் விதி கூறும். இறந்தவரைக் குறிக்க ‘எஸ்தா முவேர்த்தோ’ என எஸ்தார் வினையையே ஆள்கின்றனரே! மரணத்தினும் நிலையானது எது? நான் கைக்கொள்ளும் வழி இது: ‘அவர் ஆசிரியர்’, ‘அவர் உயரமானவர்’ எனத் தமிழில் வினையின்றி முடியுமிடத்தில் செர், ‘மருத்துவமனையில் இருக்கிறார்’, ‘சோர்வாக இருக்கிறார்’ என்னுமிடத்தில் எஸ்தார். எங்கும் பொருந்துமெனச் சொல்லேன், தொடக்கத்திற்குப் போதும். இதில் தவறினால் வினைதான். ‘எஸ்தா மாலோ’ என்றால் உடல்நலமின்றி இருக்கிறார். ‘எஸ் மாலோ’ என்றாலோ அவர் கெட்டவர்! படுக்கையில் கிடப்பவரின் மனைவி அதைக் கேட்டால் என்னாகும்?

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்றுண்டு. அசையழுத்தத்தால் நாம் பொருளை வேறுபடுத்துவதில்லை, அவர்கள் வேறுபடுத்துகின்றனர். ‘தோமோ’ என்பதில் முதலசையை அழுத்தினால் ‘உட்கொள்கிறேன்’; ஈற்றசையை அழுத்தினால் ‘உட்கொண்டார்’. எழுத்தில் இரண்டாவதன் ஈற்றெழுத்து மீது ஒரு சாய்கோடு இருக்கும். பேச்சில் செவி ஒன்றே துணை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளி முன்னரே உட்கொண்டாரா என உறவினரிடம் வினவும் வேளையில் அவ்வழுத்தம் தெளிவாகக் காதில் விழ வேண்டும். ஆகவே சகோதரி அட்டவணையை மனத்துக்குள் படியாது, வாய்விட்டு, இயன்றால் பிறரொருவர் கேட்கப் படித்து வருவாராக.