‘உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்’ - யாருக்குச் சொல்கிறாய்?



இரவு கணினி தானாக அப்டேட் ஆகிறது. காலையில் பிரவுசர் ஒரு பக்கத்தையும் திறக்க மாட்டன் என்கிறது. வைஃபை முழுசாக இருக்கு, அதே வைஃபையில் கைபேசி நல்லா ஓடுது. திரையில் வருகிற வாசகம் மட்டும்: “உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.” நேற்றிரவு நாங்கள் ஒன்றை மாற்றினோம், அதில் பிழை இருக்கலாம் என்று அது ஒருநாளும் சொல்லாது. பிழை எப்பவும் உங்கட பக்கம்தான். இந்த வாசகத்தோடதான் என்ர சண்டை.

2024 செப்டெம்பர் 16 அன்று அப்பிள் மாக்ஓஎஸ் 15-ஐ வெளியிட்டது. கிரவுட்ஸ்ட்ரைக், சென்டினல்வன், ஈசெட் போன்ற பாதுகாப்பு மென்பொருட்கள் அதோடு முட்டிக்கொண்டன. பலருக்குப் பிரவுசர் இணைப்பே அறுந்தது. ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டவர்கள், இணைய நிறுவனத்துக்குப் போன் எடுத்து மணிக்கணக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேரோ. ஒக்டோபர் தொடக்கத்தில் 15.0.1 வந்தது. பிற நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருட்களுடன் இணக்கத்தை ‘மேம்படுத்துகிறது’ என்று அதில் ஒரு வரி. உடைத்ததைத் திருத்தினால் அதுக்குப் பெயர் மேம்பாடாம்! வீட்டுச் சுவரை இடித்துப்போட்டுத் திரும்பக் கட்டித் தந்தவன் ‘வீட்டை அழகாக்கினேன்’ என்று சொன்னால் விடுவோமா?

இது மாக்புக் வைத்திருக்கிறவர்களின்ர சின்னக் கவலை என்று நினைக்கிறவர்கள், பிரித்தானியாவில் என்ன நடக்குது என்று பாருங்கோ. கையில் வைத்திருந்த வதிவிட அட்டைகள் 2024 டிசம்பர் 31-உடன் காலாவதியாகின. இப்ப விசா என்றால் ஒரு இணையக் கணக்கு. வேலைக்குச் சேர, இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு எடுக்க, அந்தக் கணக்குக்குள் போய் ஒரு குறியீடு எடுத்துக் கொடுக்க வேணும். திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டிய ஒருவருக்கு ஞாயிறு இரவு பிரவுசர் திறக்காட்டி, அது தொழில்நுட்பக் கோளாறு இல்லை, சம்பளம். அரசு தன்ர கதவை முழுசாக இணையத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. அந்தக் கதவின் பூட்டை எப்ப மாற்றுவது என்பதை கலிபோர்னியாவில் இருக்கிற நிறுவனம் ஒன்று தீர்மானிக்கிறது.

இன்னொரு வகை இருக்கு. அதில் ஒன்றும் உடையிறதில்லை, மெதுவாகக் கைவிடுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய சிப்பும் இல்லாத கணினிகள், நல்லா ஓடிக்கொண்டிருந்தாலும், வெளியே. தனிநபர்களுக்கு ஒரு வருட நீடிப்பு உண்டு: 30 டொலர் கட்டு, அல்லது உன் செற்றிங்ஸை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணை. காசு, இல்லாட்டித் தரவு. இப்படி விடப்பட்ட கணினியில் இணையம் ஒரே நாளில் நிற்காது. 2021 செப்டெம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. அதுக்குப் பதிலான புதுச் சான்றிதழை அறியாத பழைய மாக்குகளும் ஐபோன்களும், ஒழுங்கான தளங்களையே ‘பாதுகாப்பற்றவை’ என்று மறித்தன. தளத்தில் பிழை இல்லை, ஆளிலும் பிழை இல்லை. நம்பத்தக்கவர்களின் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டியவர்தான் போய்விட்டார்.

இனி எங்கட ஆட்களின் பதில்கள். ஒன்று, “அப்டேட்டே பண்ணாதீங்கோ.” 2017 மே மாதம் வன்னாகிரை தாக்கியபோது என்எச்எஸ் மருத்துவமனைகளில் நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகின. அந்த ஓட்டையை அடைக்கிற திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்ட கணினிகள்தான் விழுந்தன. மற்றது, “லினக்ஸ் போடுங்கோ.” நான் லினக்ஸ்காரன்தான். ஆனால் இரண்டு வேலை செய்துவிட்டு வருகிற அன்ரிக்கு அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போகிறது அரசியல் இல்லை, திமிர். போட்டுக் கொடுத்து, ஆறு மாதம் கூட இருந்தால் சரி.

கூட இருக்கிறதுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். கைபேசியில் ஓடுது, கணினியில் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் ரவுட்டரைத் தொடத் தேவையில்லை. முதலில் கணினியின் திகதியைப் பாருங்கோ. பழைய மடிக்கணினியில் உள்ளே இருக்கிற சின்ன பற்றரி செத்தால் நேரம் பின்னுக்குப் போகும், சான்றிதழ்கள் எல்லாம் பிழை என்று காட்டும். பிறகு ஃபயர்ஃபொக்ஸில் திறந்து பாருங்கோ. அது தன்ர சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலோடு வருவதால் 2021-இல் பல பழைய மாக்குகளைக் காப்பாற்றியது. அதுவும் திறக்காட்டி விபிஎன், அன்ரிவைரஸ் இரண்டையும் ஒவ்வொன்றாக நிப்பாட்டிச் சோதியுங்கோ. மாக்கில் அவை நெற்வேர்க் செற்றிங்ஸுக்குள் ‘ஃபில்டர்’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும். பக்கங்கள் எல்லாம் திறந்து, பிரிண்டரோ ரவுட்டரின் பக்கமோ மட்டும் திறக்காட்டி, மாக்ஓஎஸ் 15 முதல் ‘லோக்கல் நெற்வேர்க்’ என்று தனி அனுமதி வந்திருக்கு, பிரவுசருக்கு அதைக் கொடுக்க வேணும். விண்டோஸில் ‘நெற்வேர்க் றீசெற்’ கடைசி ஆயுதம். அதுக்குப் பிறகு விபிஎன்னைத் திரும்பப் போட வேண்டி வரலாம், ஊர்வலத்துக்கு முதல் நாள் செய்யாதீங்கோ. நிப்பாட்டினதை மறக்காமல் திரும்பப் போடுங்கோ. எச்சரிக்கையைத் தாண்டிப் ‘பரவாயில்லை, போ’ என்று வங்கிப் பக்கத்துக்குள் ஒருநாளும் போக விடாதீங்கோ.

கோரிக்கையும் வேணும். பாதுகாப்புத் திருத்தத்தைப் புதுப் பூச்சு வேலையோடு கட்டித் தரக்கூடாது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வருகிற கைபேசிகளுக்கு, அந்த மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 வருடம் இயங்குதள அப்டேட் கொடுக்க வேணும் என்று சட்டம் இருக்கு. அதில் மடிக்கணினிகள் இல்லை. பிரித்தானியா ஒன்றியத்திலேயே இல்லை. உங்கட தொகுதி எம்பிக்கு இரண்டு கேள்வி எழுதுங்கோ: மடிக்கணினிக்கு எப்ப? பிரவுசர் திறக்காத நாளில் விசாவை எந்தக் காகிதத்தில் காட்டுவது?

அதுவரைக்கும், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் இரண்டு மணித்தியாலம் காத்திருக்கினம். ஒரு மேசை, ஒரு எக்ஸ்ரென்ஷன் வயர், நேரம் தெரிந்த இரண்டு பேர். துண்டுப்பிரசுரத்தையும் அதே மேசையில் வைக்கலாம்.