யாரைக் காக்க இந்தத் துவக்கு?

வீட்டைக் காப்பதற்கென்று வாங்கிய துவக்கு அவ்வீட்டின் இல்லாளை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்யுமாயின், அதனைக் காவல் என்பது எந்த அகராதியில் உள்ள பொருள்? அமெரிக்க நாட்டின் சிற்றூர்களிலே, போர்முனையிலிருந்து மீண்ட சிப்பாய்களை மணந்த எத்தனையோ பெண்கள் இக்கேள்வியைத் தம்முள்ளே கேட்டுக்கொண்டிருக்கின்றனர். வெளியே கேட்க ஊர் அவர்களை விடுவதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

"அமெரிக்கன் வீட்டு வழக்கில் நமக்கென்ன பங்கு?" என்று வாசகர் சிலர் வினவக்கூடும். 2009 வரை போருக்குள் வாழ்ந்தவர்களுக்குத் துவக்கு என்றால் என்னவென்று எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப் பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கும் உழவரும் இதைப் படிக்கிறார். அவர் கையிலிருப்பது மண்வெட்டியைப் போன்றதொரு கருவி. அதன்மேல் நமக்குக் கோபமில்லை. கருவியைக் குலதெய்வமாக்கிப் படையலிடும் மனப்பான்மை ஒன்றுண்டே, அதனோடுதான் நம் வழக்கு.

பென்சில்வேனியா மாநிலத்து நாட்டுப்புறங்களில் மான்வேட்டை தொடங்கும் நாளிலே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. தீயணைப்புத் தொண்டர் படைக்கு நிதி திரட்டத் துவக்குகளையே பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்குவதும் உண்டு. ஜோர்ஜியா மாநிலத்துக் கெனசோ என்னும் ஊர், குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் துவக்கும் ரவையும் வைத்திருக்க வேண்டுமென்று 1982இல் சட்டமே இயற்றிற்று. இல்லினோய் மாநிலத்தில் மோர்ட்டன் குரோவ் என்னும் ஊர் அதற்கு முந்திய ஆண்டு கைத்துவக்கைத் தடைசெய்ததற்கு இது பதிலடியாம்! அச்சட்டத்தை எவரும் வற்புறுத்துவதில்லை, விலக்குகளும் தாராளம் என்பது உண்மை. ஆயினும் ஊரின் நெஞ்சம் எங்கே இருக்கிறதென்பதை அது காட்டிவிட்டது.

இத்தகைய ஓர் ஊருக்கு ஈராக்கிலிருந்தோ ஆப்கானிஸ்தானத்திலிருந்தோ ஒருவன் மீண்டு வந்தான் என்று கொள்வோம். ஊர் வரவேற்கிறது, கொடி அசைகிறது, இரண்டொரு வாரத்தில் கலைகிறது. எஞ்சியிருப்பவள் மனைவி. அவனை உறக்கத்திலிருந்து எழுப்ப அவள் தோளைத் தொடுவதில்லை; அறைவாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்கிறாள். ஜூலை 4ஆந் திகதி சுதந்திர தின வாணவெடி எழும்போது அவன் சுவரோடு ஒட்டி நிற்கிறான். கதவுத் தாழை மும்முறை பார்த்து வருகிறான். தலையணையின் கீழே கைத்துவக்கு. ஒன்று இரண்டாகிறது, இரண்டு ஐந்தாகிறது. வருகின்ற நண்பருக்கும் அதுவே பேச்சு, பிறந்தநாட் பரிசும் அதுவே. சண்டை மூளும்போது அவள் வாய்மூடிக்கொள்கிறாள். அவன் இதுவரை அவளை அடித்ததில்லை. ஆனால் அலுமாரி பூட்டப்படவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லுமுன் அலுமாரியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் வாழ்க்கையைத் தாம்பத்தியம் என்போமா?

"இவற்றைச் சிறிது காலம் வேறிடத்தில் வையுங்கள்" என்று ஒருநாள் அவள் துணிந்து சொன்னால், மாமியார் முதல் மதகுரு ஈறாக அனைவரிடமிருந்தும் ஒரே மறுமொழி வருகிறது: நாட்டுக்காக நின்றவன் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிக்கிறாயா?

இந்த வீரமொழிக்கு விடை அமெரிக்கப் படையிடமே உண்டு. தாய்நாட்டுப் பாசறையிலே சிப்பாய் தன் படைத்துவக்கைக் கட்டிலின் கீழ் வைத்து உறங்குவதில்லை. பயிற்சி முடிந்ததும் ஆயுதக் களஞ்சியத்தில் ஒப்படைக்கிறான். இலக்கம் பார்த்து, எண்ணி, பூட்டுகிறார்கள். ஒன்று குறைந்தால் படையணி முழுவதையும் நிறுத்திவைத்துத் தேடுகிறார்கள். இதனால் சிப்பாயின் மானம் போயிற்று என்று எந்தத் தளபதியும் புலம்பியதில்லை. துவக்கை நன்கறிந்தவர்கள் அதனைப் பூட்டி வைக்கிறார்கள். துவக்கைத் தொழுகிறவர்களோ தலையணையின் கீழ் வைக்கச் சொல்கிறார்கள். சிப்பாயை மதிப்பவர் யார்?

"குற்றம் போர் தந்த மனநோயினது, துவக்கினதன்று" என்பார் உளர். முதலாம் உலகப் போரில் எறிகணை அதிர்ச்சி என்று அழைக்கப்பட்ட அந்நோய்க்கு, வியட்நாம் போருக்குப் பின்னர் 1980இலேதான் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இன்றுள்ள பெயரையும் முறையான இடத்தையும் அளித்தது. நோய் உண்மை. ஆனால் நோயுற்றவரெல்லாம் கொடியவர் என்பது அபாண்டம். அவர்களிற் பெரும்பாலோர் பிறரைத் தொடுவதில்லை, தம்மையே வதைத்துக்கொள்கின்றனர். 2022இல் அந்நாட்டிலே தம்முயிரை மாய்த்துக்கொண்ட முன்னாட் படையினர் 6,000க்கு மேல். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் துவக்கினால் மாண்டனர். சாகத் துணியும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் நிற்பது. அதைத் தாண்டிப் பிழைத்தவருள் மிகப் பெரும்பாலோர் பின்னரும் வாழ்கின்றனர் என்று வைத்தியர் கூறுகின்றனர். அந்தச் சிறிது நேரத்தைத் துவக்கு தருவதில்லை. மனைவியர் நிலையோ? கணவனோ காதலனோ கொடுமை செய்யும் வீட்டில் அவன் கைக்கெட்டத் துவக்கு இருந்தால், அப்பெண் கொலையுண்ணும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று, பதினொரு நகரங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நோய்தான் காரணமென்றால், நோயாளியின் அருகே நஞ்சுப்புட்டியை ஏன் வைக்கிறீர்கள்?

இவ்வளவும் தெரிந்திருந்தும் வாய்களைப் பூட்டினார்கள். புளோரிடா மாநிலம், தேசிய றைபிள் சங்கத்தின் ஆதரவோடு, நோயாளியின் வீட்டில் துவக்குண்டா என்று வைத்தியர் கேட்பதைக் கட்டுப்படுத்தி 2011இல் சட்டம் செய்தது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளைத் தள்ளும்வரை ஆறாண்டு சென்றது. துவக்கைப் பூட்ட மறுத்தவர்கள் வைத்தியரின் நாவைப் பூட்ட முந்திக்கொண்டார்கள்!

மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவன் துவக்கு வைத்திருக்கலாகாது என்ற சட்டம் அங்கே இல்லாமலில்லை. செனற்றர் பிராங்க் லோட்டன்பேர்க் கொணர்ந்த 1996ஆம் ஆண்டுத் திருத்தம் பொலிசாருக்கும் படையினருக்குங்கூட விலக்களிக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? டெக்சாஸ் மாநிலத்திலே சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் சில நூறு பேரே வாழும் ஊர். 2017 நவம்பர் 5ஆந் திகதி, ஞாயிறு ஆராதனை வேளையில், முன்னாள் விமானப் படையினன் ஒருவன் தேவாலயத்தினுள் புகுந்து சுட்டான். கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 உயிர்கள் போயின. அவன் போர்முனை கண்டவனல்லன் என்பதை நோயின்மேற் பழிபோடுவோர் கவனிக்க. முதல் மனைவியையும் அவளுடைய குழந்தையையும் தாக்கியதற்காக 2012இலேயே படை நீதிமன்றம் அவனைத் தண்டித்திருந்தது. அத்தண்டனையை மத்திய புலனாய்வுப் பணியகத்துக்கு விமானப் படை அறிவிக்கவில்லை. கடைக்காரர் பதிவேட்டை விசாரித்தார், குற்றமில்லை என்று விடை வந்தது, துவக்கை விற்றார். சுடப்பட்ட தேவாலயமோ அவனுடைய இரண்டாம் மனைவியின் குடும்பத்தார் செல்லும் தேவாலயம். பழியில் நூற்றுக்கு 60 பங்கு அரசாங்கத்தினதென்று 2021இல் நீதிபதி தீர்த்தார். 2023இல் 14 கோடியே 45 இலட்சம் டொலருக்கு இணக்கம் கண்டார்கள். இலிகிதர் ஒருவர் ஒரு தாளை அனுப்பியிருந்தால் இது நேர்ந்திராது என்று சொல்லக் கூசுகிறது. ஆனால் சொல்லாமலிருக்க முடியவில்லை.

2024 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம், ரகிமி வழக்கிலே, நெருங்கிய துணைக்கு ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கண்டு தடையுத்தரவிட்ட ஒருவனிடமிருந்து துவக்கை விலக்கிவைப்பது அரசியற் சட்டத்துக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதியரசருள் எண்மர் உடன்பட்டனர். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் துவக்கைப் போய் எடுப்பவர் யார்? சிற்றூர்களிலே அது பெரும்பாலும் ஷெரிப்பின் வேலை. அவரோ வாக்குக் கேட்டுப் பதவிக்கு வருபவர்; அந்தக் கணவனோடு ஒரே காட்டில் மான் வேட்டையாடியவர். ஆபத்தானவரிடமிருந்து துவக்கைத் தற்காலிகமாக எடுக்க வழிசெய்யும் சட்டத்தைக் கொலராடோ மாநிலம் 2019இல் நிறைவேற்றியபோது, நாங்கள் ஒத்துழையோம் என்று மாவட்டம் மாவட்டமாகத் தீர்மானம் போட்டார்கள். ஓக்லகோமாவோ அத்தகைய சட்டத்தைத் தன் எல்லைக்குள் எந்த ஊரும் இயற்றக்கூடாதென்று 2020இல் தடையே விதித்தது. மனைவி யாரிடம் போவாள்?

துவக்குக்காரரெல்லாம் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லமாட்டோம். நியூ ஹாம்சயர் மாநிலத்தில், 2009இல், ஒருவரையொருவர் அறியாத மூவர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துவக்கு வாங்கி, வாங்கிய சில மணி நேரத்துக்குள் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். அந்த அதிர்ச்சியிலே கடைக்காரரும் சுகாதாரத் தொண்டரும் கூடிப் பேசினார்கள். சஞ்சலத்தோடு வருபவனுக்கு விற்பதெப்படித் தவிர்ப்பது, நண்பனின் துவக்கை அவன் தேறும்வரை வாங்கி வைப்பது எப்படி என்று எழுதிக் கடைகளிலே ஒட்டினார்கள். முன்னாட் படையினர் நலத் திணைக்களமும் துவக்குப் பூட்டுகளை இலவசமாக வழங்குகிறது. கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கிறார்கள். ஆனால் அச்சிற்றூரிலே அதைக் கேட்கப் போகும் மனைவியை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை, கொடி அசைத்து வரவேற்ற அந்த ஊரார்தான் சொல்லவேண்டும்.